களவு போனது பொருளா, நற்பெயரா?



வத்தளையில் நீர்கொழும்பு வீதியின் இருமருங்கிலும் வரிசையாக நிற்கும் புடவைக் கடைகளையும், பாதணிக் கடைகளையும், சுப்பர்மார்க்கட்டுகளையும் ஒருகணம் மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அங்கே காலை முதல் இரவு வரை நின்றபடியே பணிபுரியும் இளையோரில் எத்தனையோ பேர் நம் பிள்ளைகள். மலையகத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து, ஹெந்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறு அறைகளில் தங்கி, மாதச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதியில் வாழ்பவர்கள் அவர்கள். ஞாயிறு திருப்பலியில் உங்கள் அருகில் முழந்தாளிட்டிருப்பவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். அவர் உங்கள் சொந்த மகளாகவும் இருக்கலாம்.

அந்தப் பிள்ளை பணிபுரியும் கடையில் ஒருநாள் இருப்புக் கணக்கு எடுக்கப்படுகிறது. புத்தகத்தில் உள்ள தொகைக்கும் அலுமாரியில் உள்ள பொருளுக்கும் இடையே வித்தியாசம் தெரிகிறது. முகாமையாளரின் அறைக்கு அவளை அழைக்கிறார்கள். “என்ன நடந்தது?” என்று அவர்கள் கேட்டால் அது விசாரணை. “எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய்?” என்று கேட்டால் அது தீர்ப்பு. இவ்விரு கேள்விகளுக்கும் இடையே ஒரு மனித வாழ்வு தொங்கிக்கொண்டிருக்கிறது. இவ்வாரம் அதைக் குறித்தே சிந்திப்போம்.

ஓர் ஆட்டுக்குட்டியால் வந்த சண்டை

முதலாளி கொடுத்த பொருளைக் களவாடிய பொருள் என்று சந்தேகித்த நிகழ்ச்சி ஒன்று திருவிவிலியத்திலேயே உண்டு. தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நினிவே நகருக்கு நாடுகடத்தப்பட்ட தோபித்து நேர்மையாளர். பசித்தோருக்கு உணவளித்தவர், கேட்பாரற்றுக் கிடந்த இறந்தோரைத் தம் உயிரையும் பொருட்படுத்தாது அடக்கம் செய்தவர். அத்தகையவர் பார்வையை இழந்து வறுமையில் வீழ்ந்தார். குடும்பத்தைத் தாங்கும் சுமை அவருடைய மனைவி அன்னாவின் தோளில் ஏறியது. அவர் கூலிக்குத் துணி நெய்து உரிமையாளர்களிடம் கொடுத்துவந்தார்.

ஒருநாள் அவர்கள் அன்னாவுக்கு முழுக் கூலியும் கொடுத்து, வீட்டுச் சாப்பாட்டிற்கென ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பினார்கள். வீட்டுக்குள் ஆடு கத்தியது. கண் தெரியாத தோபித்து அந்தச் சத்தத்தைக் கேட்டதும், இது எங்கிருந்து வந்தது, திருடியதா, உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடு என்று கடிந்துகொண்டார். கூலிக்கு மேலாகக் கொடுத்த அன்பளிப்பு இது என்று அன்னா சொன்னார். தோபித்து நம்பவில்லை. கோபத்தில் அவருடைய முகம் சிவந்தது. அப்போது அன்னா, நீர் செய்த தருமமும் நற்செயல்களும் எங்கே போயின என்று திருப்பிக் கேட்டார்.

தோபித்து கெட்டவர் அல்லர் என்பதை இங்கே கவனியுங்கள். களவுப் பொருள் தம் வீட்டில் இருக்கக்கூடாது என்ற அவருடைய ஆவல் தூய்மையானது. ஆனால் அவர் கேட்டது ஓர் ஆட்டின் சத்தத்தை மட்டுமே. மனைவியின் முகத்தை அவரால் காண இயலவில்லை. கொடுத்தவர்களிடம் ஆளனுப்பி விசாரிக்கவும் இல்லை. ஏழைவீட்டில் எதிர்பாராத ஒரு நல்ல பொருள் வந்தால் அது களவாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். இன்றும் சந்தேகம் இந்த வழியில்தான் பிறக்கிறது. புதுச் சப்பாத்து அணிந்து வரும் வேலைக்காரப் பையனை, அவன் கடனுக்கு வாங்கினானா, அண்ணன் கொடுத்தானா என்று எவரும் விசாரிப்பதில்லை. கண்கள் நேரே காசுப்பெட்டியின் பக்கம் திரும்புகின்றன.

திருவழிபாட்டின்படி இந்தப் பகுதி, பொதுக்காலம் ஒன்பதாம் வாரச் செவ்வாய்க்கிழமையன்று, முதலாம் ஆண்டில் வாசிக்கப்படுகிறது. அன்றைய நற்செய்தி, சீசருக்கு உரியதைச் சீசருக்கும் கடவுளுக்கு உரியதைக் கடவுளுக்கும் கொடுக்கச் சொல்லும் பகுதியாகும். உரியதை உரியவருக்குக் கொடுப்பதே நீதி. அதில் பணமும் பொருளும் மட்டுமன்றி, ஒருவருக்கு உரிய நற்பெயரும் அடங்கும்.

ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும்

களவு செய்யாதிருப்பது ஏழாம் கட்டளை. பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதிருப்பது எட்டாம் கட்டளை. கற்பலகையில் அடுத்தடுத்து நிற்கும் இவற்றுள் முதலாவதைக் காக்கும் அவசரத்தில் இரண்டாவதை உடைத்துவிடுவதே நம் கடைகளிலும் வீடுகளிலும் நடந்துவரும் பெருந்தவறு.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2477ஆம் எண்ணில் நற்பெயருக்கு எதிரான மூன்று பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றிப் பிறருடைய குற்றத்தை மனத்திற்குள் உண்மையென ஏற்றுக்கொள்வது முதலாவது. தக்க காரணமின்றிப் பிறருடைய குறையை அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவது இரண்டாவது. உண்மைக்கு மாறாகப் பேசிப் பிறருடைய பெயரைக் கெடுப்பது மூன்றாவது. வாய் திறவாமல், உள்ளத்தில் மட்டும் ஒருவரைக் கள்ளன் என முடிவுசெய்வதும் பாவத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் பாவசங்கீர்த்தனத்திற்கு முன்னர் நினைத்துப் பார்க்கிறோம்?

அதே நூல் 2412ஆம் எண்ணில், களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறது. 2487ஆம் எண்ணில், கெடுத்த நற்பெயருக்கும் ஈடுசெய்யவேண்டும் என்கிறது. ஆகவே பத்தாயிரம் ரூபாய் பெறுமதியான சேலையை எடுத்தவருக்குள்ள கடமை, அதை எடுக்காத ஒருத்தியைக் கள்ளி என்று கூறியவருக்கும் உண்டு. சேலையைத் திருப்பிக் கொடுப்பது எளிது. பத்துப்பேர் செவியில் விழுந்த சொல்லைத் திருப்பி எடுப்பதற்கோ அந்தப் பத்துப்பேரையும் தேடிச் செல்லவேண்டும்.

கணக்கு எங்கே தவறுகிறது?

கடையில் பொருள் குறைவதற்குக் களவு ஒன்றே காரணம் அன்று. கடை நடத்தும் வாசகர்கள் இதனை நன்கறிவர். விநியோகத்தர் பன்னிரண்டு எனப் பற்றுச்சீட்டில் எழுதிப் பதினொன்றை இறக்கியிருக்கலாம். ஒரே விலையுள்ள இருவகைச் சவர்க்காரங்களில் ஒன்றையே காசாளர் இருமுறை இயந்திரத்தில் பதிந்திருக்கலாம். அப்போது ஒருவகை குறையும், மற்றவகை மிகும். காலாவதியானதும் உடைந்ததும் எலி கடித்ததுமான பொருள்கள் கணக்கிலிருந்து நீக்கப்படாமல் இருக்கலாம். வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த பொருள் பதியப்படாமல் போயிருக்கலாம். நத்தார் நெரிசலில் வாடிக்கையாளர் வேடத்தில் வந்தவரே எடுத்துச் சென்றிருக்கலாம்.

நமது நாட்டில் பெரும்பாலான நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிவடைகிறது. ஆண்டு முழுவதும் சேர்ந்த தவறுகளெல்லாம் அன்று ஒரே எண்ணாக வெளிப்படுகின்றன. பெரும்பாலும் அது தவக்காலமாகவும் இருக்கிறது. ஓராண்டுக் கவனக்குறைவுக்கு ஒரு முகத்தைத் தேடும்போது, கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரின் முகமும், மொழி தெரியாதவரின் முகமும், சிபாரிசு செய்ய ஆளில்லாதவரின் முகமுமே முதலில் தென்படுகின்றன.

கணினி சொன்ன பொய்

இலண்டனில் உறவினர் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆகவே பிரித்தானியாவில் நடந்த இந்தக் கொடுமையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே சிறு கடைகளுடன் சேர்த்து உப தபாலகங்களை நடத்துவோரில் தெற்காசிய வம்சாவளியினர் பலர். 1999 முதல் தபால் நிறுவனம் ‘ஹொரைசன்’ என்னும் கணினி முறையைப் புகுத்தியது. அக்கணினி, இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. கணினி தவறாது என்று நம்பியவர்கள், தபாலதிபர்கள் தவறியிருக்கவேண்டும் என முடிவு செய்தார்கள். 2015 வரையான காலத்தில் 900க்கும் அதிகமானோர் களவு, மோசடி, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். பலர் தம் சேமிப்பையும் வீட்டையும் இழந்து அந்த இல்லாத பற்றாக்குறையை நிரப்பினர். உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்றே அவர்களில் பலருக்குச் சொல்லப்பட்டது.

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா அவர்களுள் ஒருவர். 74,000 பவுணுக்கு மேல் களவாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2010 நவம்பரில், தம் மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று, வயிற்றில் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபடி சிறைக்குச் சென்றார். விடுதலையான பின்னரும், கண்காணிப்புப் பட்டியைக் காலில் அணிந்தவாறே அப்பிள்ளையைப் பெற்றெடுத்தார். 2021 ஏப்ரல் 23ஆம் திகதி, மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் உட்பட 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை ஒரே நாளில் நீக்கியது. எஞ்சியவர்களுக்காக 2024இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. சீமா மிஸ்ராவின் பெயர் துடைக்கப்படப் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றது. அதுவரை காத்திருக்க இயலாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

கணினியும் கமராவும் நமக்கு உதவும் கருவிகள். ஆனால் அவை காட்டுவதற்கும் நாம் கண்டதாக நினைப்பதற்கும் இடையே எப்போதும் இடைவெளி உண்டு. தோபித்துக்கு ஆட்டின் சத்தம் எப்படியோ, நமக்குத் திரையில் தெரியும் ஓர் எண் அப்படி.

சந்தேகத்திற்கு ஆளானவருக்கு

குற்றமற்ற நிலையில் நீங்கள் சந்தேகிக்கப்பட்டால், மௌனமாக இருப்பதே புண்ணியம் என்று சிலர் அறிவுரை கூறக்கூடும். புனித ஜெராட் மஜெல்லா 1754இல் பொய்யாகப் பழிசுமத்தப்பட்டபோது வாய்திறவாது பொறுத்துக்கொண்டார். பின்னர் பழிசுமத்தியவரே உண்மையை ஒப்புக்கொண்டார். அது அவருக்கு அருளப்பட்ட தனி அழைப்பு. எல்லாருக்கும் விதிக்கப்பட்ட சட்டம் அன்று. தலைமைக்குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அறைந்தபோது, நான் தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டு என்ற கருத்தில் ஆண்டவரே கேட்டார். புனித பவுல் தமக்கிருந்த உரோமைக் குடியுரிமையைப் பயன்படுத்திச் சீசரிடம் மேன்முறையீடு செய்தார். நற்பெயரைக் காத்துக்கொள்வது ஆணவம் ஆகாது.

ஆகவே சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றம் எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரையும் குற்றமற்றவராகக் கருதவேண்டும் என்கிறது. 11ஆம் உறுப்புரை எவரையும் சித்திரவதை செய்வதைத் தடுக்கிறது. 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. உங்களுக்கு வாசித்து விளங்கிக்கொள்ள இயலாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அச்சத்தினால் கையொப்பமிடாதீர்கள். “ஒப்புக்கொண்டால் பிரச்சினை இத்துடன் முடிந்துவிடும்” என்ற சொல்லை நம்பி, செய்யாததைச் செய்ததாக எழுதிக் கொடுக்காதீர்கள். நடந்தவற்றை அன்றன்றே திகதியுடன் எழுதி வையுங்கள். உங்களைக் குறித்த குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள்.

வேலையிலிருந்து நீக்கப்பட்டால், தொழில் நியாய சபையை நாட உங்களுக்கு உரிமை உண்டு. பணிநீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். நீக்கியதை முதலாளி ஏற்றுக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டும் பொறுப்பு அவருடையதாகிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையெனில், சட்ட உதவி ஆணைக்குழு அதற்கெனவே இருக்கிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, தனியே இருக்காதீர்கள். 2023 மே மாதத்தில், கொழும்பில் ஒரு வீட்டில் பணிபுரிந்த பதுளையைச் சேர்ந்த தமிழ்த் தாய் ஒருவர், அவ்வீட்டு நகையைத் திருடியதாகச் செய்யப்பட்ட முறைப்பாட்டின்பேரில் வெலிக்கடைப் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்டார். காவலில் இருந்த நிலையிலேயே அவர் உயிரிழந்தார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை. ஒரு சந்தேகம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு நமது தலைநகரிலேயே கிடைத்த துயரச் சான்று அது.

உண்மையிலேயே எடுத்திருப்பவர் இதை வாசித்தால், அவருக்கும் ஒரு சொல். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியபோது அவருக்குக் கதவு திறந்திருந்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் பழியை இன்னொருவர் சுமக்க விடாதீர்கள். களவைவிடப் பெரிய பாவம் அங்கேதான் தொடங்குகிறது.

கடை நடத்துவோருக்கு

உங்கள் பொருளைக் காக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் விசாரிக்கும் முறையில் உங்கள் விசுவாசம் வெளிப்பட வேண்டாமா? எல்லாருக்கும் ஒரேவிதமான சோதனை இருக்கட்டும்; ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து, வாடிக்கையாளர் பார்க்க அவருடைய பையைக் கொட்டாதீர்கள். முதலில் பற்றுச்சீட்டுகளைப் பாருங்கள், பின்னர் களஞ்சியத்தைப் பாருங்கள், கடைசியில் மனிதரைப் பாருங்கள். பெண் பிள்ளையை விசாரிப்பதாயின் இன்னொரு பெண்ணும் அவ்விடத்தில் இருக்கட்டும். ஆதாரம் இல்லையெனில் சந்தேகத்தை உங்கள் உள்ளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் கூறி அவர் வேறெங்கும் வேலை பெற இயலாதபடி செய்யாதீர்கள்.

காணாமற்போன பொருள் பின்னர் களஞ்சியத்தின் மூலையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலான இடங்களில் அதைப்பற்றி எவரும் பேசுவதில்லை. குற்றச்சாட்டு எல்லார் முன்னிலையிலும் நடக்கும். திருத்தம் மட்டும் ஓசையின்றி முடியும். எத்தனை பேர் முன்னிலையில் சந்தேகித்தீர்களோ, அத்தனை பேர் முன்னிலையில் “தவறு எங்களுடையது, பிள்ளை” என்று சொல்லுங்கள். அதனால் முதலாளியின் மதிப்புக் குறையாது.

குடும்பத்தாருக்கும் பங்கு மக்களுக்கும்

தொடக்கநூல் 44ஆம் அதிகாரத்தில், யோசேப்பின் வெள்ளிக் கிண்ணம் பென்யமினின் சாக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. மூத்தவரிலிருந்து இளையவர்வரை ஒவ்வொரு சாக்காகச் சோதித்தார்கள். பென்யமின் அதை எடுக்கவில்லை. யோசேப்பின் கட்டளைப்படி அது அங்கே வைக்கப்பட்டிருந்தது. ஆனால் சகோதரருக்கு அது தெரியாது. முன்னொரு காலத்தில் யோசேப்பை விற்றுவிடச் சொன்ன யூதா, இப்போது தம்பியைக் கைவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். அவரோ முன்னே வந்து, தம்பிக்குப் பதிலாகத் தம்மை அடிமையாக வைத்துக்கொள்ளுமாறு மன்றாடினார். ஆதாரம் சாக்கில் இருந்தபோதும் தம்பியின் பக்கத்தில் நின்றார். அதைக் கண்ட யோசேப்பினால் அழுகையை அடக்க முடியவில்லை.

உங்கள் பிள்ளை வேலை இழந்து இரவில் வீடு வந்தால், “அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்?” என்று முதலில் கேளாதீர்கள். “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். பிறகு நடந்ததை முழுவதும் கேளுங்கள். அன்பியத்தில் அவர் பெயர் அடிபட்டால், “நெருப்பில்லாமல் புகையுமா?” என்ற பழமொழியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். தொழில் திணைக்களத்திற்குப் போகும் நாளில் அவருடன் பஸ்ஸில் ஏறுங்கள். பங்குத்தந்தையிடம் கூறுங்கள், ஒரு நற்சான்றுக் கடிதம் புது வேலைக்கு வழியாக அமையக்கூடும்.

அன்புக்குரியவர்களே! அன்னாவின் கதை ஆட்டுக்குட்டியோடு முடிந்துவிடவில்லை. அந்தச் சண்டைக்குப் பின்னர் தோபித்து உள்ளம் நொந்து இறைவனிடம் அழுதார். தம் மகனுக்கு அறிவுரை கூறும்போது, தாயை மதிக்கும்படியும், கூலியாளின் கூலியை மறுநாள்வரை தாமதிக்காமல் அன்றே கொடுக்கும்படியும் சொன்னார். ஆண்டவர் அவருடைய மன்றாட்டைக் கேட்டு, இரபேல் வானதூதரை அனுப்பினார். தொலைதேசம் சென்ற மகன் திரும்பிவந்த நாளில், வழியைப் பார்த்தபடி அமர்ந்திருந்து அவனை முதலில் கண்டவர் அன்னா. மகன் வருகிறான் என்று அவர் சொன்னார். முன்னொருநாள் அவர் சொல்லை நம்ப மறுத்த தோபித்து, இப்போது தடுமாறியபடியே எழுந்து வாசலை நோக்கி வந்தார். அதன் பின்னரே அவருக்குப் பார்வை கிடைத்தது.

கல்வாரியில் இரு கள்வரின் நடுவே தொங்கியவர் நம் ஆண்டவர். இவர் தவறொன்றும் செய்யவில்லை என்று அந்நேரத்தில் அவருக்காகச் சான்று பகர்ந்தவர், அருகில் தொங்கிய கள்வர்களில் ஒருவரே. சுற்றிநின்ற கூட்டம் மறந்த எட்டாம் கட்டளையை, ஏழாம் கட்டளையை மீறியவர் காத்தார். இவ்வாரம் உங்கள் கடையிலோ, வீட்டிலோ, பங்கிலோ யாருடைய பெயராவது ஆதாரமின்றிப் பேசப்பட்டால், அவருக்காக அப்படி ஒரு வாக்கியம் சொல்ல உங்களுக்குத் துணிவு கிடைப்பதாக.